நினைவிற் காயும் வெயில்

அயர்லாந்தின் இளமை நினைவு நூல்களைப் படிப்போர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. அந்நூல்கள் பலவற்றிற் கோடை நீண்டது, வானம் தெளிந்தது, வெட்டிய புல் வயலிற் கிடந்து உலர்கிறது, சிறுவர் வெறுங்காலுடன் பாடசாலைக்குச் சென்று மீள்கின்றனர். ஆனால், அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஈரக்காற்றை ஆண்டு முழுதும் ஏற்கும் அத்தீவின் மேற்குப் பகுதிகள் சிலவற்றில் ஆண்டிற்கு ஏறத்தாழ 225 நாட்கள் மழைநாட்களாகும். யூலை மாதத்திலும் நாட்டின் சராசரி வெப்பநிலை பெரும்பாலும் 15, 16 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும். அவ்வாறாயின், இத்தனை எழுத்தாளரின் குழந்தைப் பருவத்தில் மட்டும் வெயில் ஓயாது காய்ந்தது எங்ஙனம்?

இதனைப் பொய்யென்று தள்ளிவிடுதல் எளிது. பழைய நினைவை நாடுவதே பிற்போக்கு எனக் கருதும் விமர்சகரும் எம்மிடையே உளர். நாம் அக்கருத்தினரல்லர். மழை மிகுந்த நாட்டில் வெயில் அரிது. அரியதே நினைவில் நிலைக்கும். மேலும், இந்நினைவுகளை எழுதியோருட் பலர் ஊர்விட்டுப் பெயர்ந்தோர். 1950களில் மட்டும் நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டோர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். வேனிலைப் பாலைக்குரிய பொழுதாகவும் பிரிவை அதன் உரிப்பொருளாகவும் வகுத்த இலக்கணத்தைக் கற்ற எமக்குக் கோடையும் பிரிவும் ஒருசேர வருவது புதிதன்று. எமது பாலையின் வெயில் பிரிந்து செல்வோனைச் சுடும். அயர்லாந்தின் நினைவு வெயிலோ பிரிந்து சென்றவனின் குளிரைப் போக்குகிறது.

எனவே, நினைவு இனிமையானது என்பது குற்றமன்று. அவ்வினிமைக்குள் எவர் இடம்பெற்றனர், எவர் விடுபட்டனர் என்பதே ஆராயத் தக்கது. ஏழைக் குடியானவனுக்குக் கோடையின் நடுப்பகுதி பசிக்காலம். சென்ற ஆண்டின் உருளைக்கிழங்கு தீர்ந்திருக்கும்; புதிய கிழங்கு இன்னும் முற்றியிராது. ஓகஸ்ட் தொடக்கத்தில் வரும் லூனசா என்னும் பழைய அறுவடை விழா அப்பசியின் முடிவையும் குறித்தது. டொனிகோல் மாவட்டத்தின் கிளென்ரீஸ் பகுதியிற் பிறந்த பற்றிக் மக்கில், 1914இல் வெளியான ‘சில்ட்றன் ஒவ் த டெட் என்ட்’ என்ற தம் சுயசரிதைப் பாங்கான நாவலில் அக்கோடையைக் காட்டினார். ஏழைச் சிறுவர் மே மாதத்திற் கூலிச் சந்தையில் நிறுத்தப்பட்டு, ஆறு மாதங்களுக்குப் பண்ணையாளரிடம் விடப்படுவர். நவம்பரிலேயே அவர்தம் தவணை முடியும். அவர்களின் கோடை பிறர் நிலத்திற் கழிந்தது. அதன்பின் ஸ்கொத்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்கள் அவர்களுக்காகக் காத்திருந்தன.

அதே கிளென்ரீசில் வாழ்ந்த தம் தாயையும் தாயின் சகோதரியரையும் நினைந்து பிறையன் பிறீல் எழுதிய ‘டான்சிங் அற் லூனசா’ நாடகம் 1990இல் டப்ளின் அபே அரங்கில் மேடையேறியது. காலம், 1936இன் கோடை. பலிபெக் என்ற கற்பனைக் கிராமத்தின் புறத்தே மணமாகாத சகோதரியர் ஐவர் வாழ்கின்றனர். ஒருத்தி பாடசாலை ஆசிரியை. இருவர் வீட்டிலிருந்தே கையுறை பின்னிக் கூலி பெறுவோர். இளையவளின் ஏழு வயது மகன் மைக்கேல், வளர்ந்த மனிதனாக நின்று கதையைச் சொல்கிறான். வீட்டிற்கு வந்த வானொலியின் இசை எழுந்ததும், அடுப்படி வேலையில் இருந்த பெண்கள் வெறிகொண்டு ஆடுகின்றனர். பொது நடனங்களை உரிமம் பெற்ற இடங்களுக்குள் அடக்கும் சட்டம் அதற்கு முந்திய ஆண்டிலேதான் அங்கு இயற்றப்பட்டிருந்தது. இதனை அறிந்து நோக்கின், அவ்வாட்டம் களிப்பு மட்டுமன்று, ஒரு சிறு கலகமுமாகும்.

பின்னர் பின்னல் ஆலை வருகிறது, கைப்பின்னலுக்கு மதிப்பில்லை. ஆசிரியையும் வேலை இழக்கிறாள். கையுறை பின்னிய அக்னெஸும் றோஸும் ஊரை விட்டகன்று, இலண்டனிற் கழிப்பிடங்களைத் துப்புரவு செய்தும் பிற கூலி வேலைகள் பார்த்தும் ஈற்றில் ஆதரவற்று மடிகின்றனர். இம்முடிவைப் பிறீல் நாடகம் முடியுமுன்னரே மைக்கேலின் வாயாற் சொல்லிவிடுகிறார். அதன்பின் அவ்விரு பெண்களும் மீண்டும் கோடை ஒளியில் எம்முன் நிற்கின்றனர். அவர்களின் சிரிப்பை நாம் இனி அறியாமையோடு பார்க்க முடியாது. நாடகத்தின் உயர்ந்த கலை இவ்வொழுங்கிலேயே தங்கியுள்ளது. 1998இல் வந்த திரைப்படம் அவ்வாட்டத்தைக் கதையின் இறுதிப் பகுதிக்கு நகர்த்தியது. அதனால் இனிமை மிகுந்தது. துயரின் கூர்மை மழுங்கியது என்பதே எமது தீர்ப்பு.

நாடகத்திலும் ஒரு குறை உண்டு. ஆலையை நாம் காண்பதில்லை. அதன் உடைமையாளருக்கு முகமில்லை. அவ்வூரில் மழை வருவதுபோலவே வேலையின்மையும் வருகிறது. எவரும் அதற்குப் பொறுப்பாளியல்லர் போலும்! ஏழு வயதுச் சிறுவன் இதனை அறியாதிருத்தல் பொருந்தும். கதையைச் சொல்பவனோ வளர்ந்தவன். இருவரின் கால் நூற்றாண்டு அவலத்தை ஒரு சில வாக்கியங்களில் அவன் கடந்துவிடுகிறான். மக்கில் அவ்வாறு கடக்கவில்லை. கூலி கொடுத்தவனையும் அவன் கொடுத்த கூலியையும் அவர் மறக்கவில்லை. ஆயினும், அந்த வீட்டின் சிரிப்பைப் பிறீல் அளவிற்கு எம்மை உணர வைக்கவும் அவரால் இயலவில்லை.

ஆதலின், உயர்வகுப்பு மாணவர் இவ்விரு படைப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும் என்போம். ஒரே நிலம் இரண்டிற்கும் முதற்பொருள். இழந்தவற்றின் அருமையைப் பிறீலிடமும், அவை இழக்கப்பட்ட வகையை மக்கிலிடமும் அவர்கள் கற்பர். தம் இளமையைப் பற்றி நாளை அவர்கள் எழுதுங்கால், அன்று காய்ந்த வெயிலையும், அவ்வெயிலில் நின்று வேலை செய்தோரையும் ஒரே பக்கத்தில் எழுதுவார்களாக.