குத்தம்பாக்கத்திலிருந்து அனிமே: நிலமும் பிறப்பும்

ஜப்பானில் உருவாகும் அசைவூட்டத் தொடர்களும் திரைப்படங்களும் அனிமே எனப்படுகின்றன. 1990களில் தூர்தர்ஷனில் இந்தி பேசி வந்த மோக்லியின் 'ஜங்கிள் புக்' தொடர் ஜப்பானியத் தயாரிப்பு என்பது அதைப் பார்த்த பலருக்குத் தெரியாது. பின்னர் ஹங்காமா தொலைக்காட்சி வழியே ஷின்-சானும் டோரேமானும் தமிழ் பேசின. 2022இல் சோனி யாய் அலைவரிசை நருடோவைத் தமிழிலும் ஒளிபரப்பியது. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் வரிசையின் 'இன்ஃபினிட்டி காசில்' தமிழ் ஒலியுடன் திரையரங்குகளுக்கே வந்தது. கேட்க ஆளில்லாத சரக்காக இருந்தது, முதல் நாள் காட்சிக்குச் சீட்டு கிடைக்காத சரக்காகிவிட்டது.

ஆனால் எது நல்ல அனிமே என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓரிடத்திலேயே நிற்கிறது. சண்டை எப்படி வரையப்பட்டிருக்கிறது, நாயகனின் பலம் எவ்வளவு, யார் யாரை வெல்வார் என்பவைதான் அளவுகோல்கள். வேறோர் அளவுகோலையும் வைத்துப் பார்க்கலாம். அதற்குப் பொருத்தமான ஊர் குத்தம்பாக்கம்.

திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லி ஒன்றியத்தில், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஊர் இது. இரண்டு காரணங்களால் அதன் பெயர் வெளியே தெரியும். முதல் காரணம் நிலம். மாநகரம் மேற்கே நகர நகர வயல்கள் மனைப்பிரிவுகளாகின்றன, புறநகர்ப் பேருந்து முனையம் எழுகிறது. மாநகரின் குப்பையைக் கொட்ட இவ்வூரின் மேய்ச்சல் நிலம் குறிக்கப்பட்டபோது ஊர் எதிர்த்து நின்றது. இரண்டாவது காரணம் பிறப்பு. 1996இல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரங்கசாமி இளங்கோவின் முயற்சியில், தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே நடுச்சுவரைப் பகிரும் இரட்டை வீடுகள் இங்கே கட்டப்பட்டு சமத்துவபுரம் ஆயின. நிலத்தைப் பற்றியும் பிறப்பைப் பற்றியும் ஓர் அனிமே என்ன சொல்கிறது என்று கேட்டால், புகழ்ப் பட்டியலின் வரிசை கலைந்துபோகிறது.

காலி மனைப் பிள்ளைகள்

டோரேமானைக் குழந்தைகளுக்கான வேடிக்கை என்று ஒதுக்குவோர் உண்டு. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ உருவாக்கி, 1979 முதல் டிவி அசாஹியில் வெற்றிகரமாக ஓடிவரும் அந்தத் தொடரில், நோபிதாவும் ஜியானும் கூடும் இடம் மூன்று சிமெண்டுக் குழாய்கள் அடுக்கிக் கிடக்கும் ஒரு காலி மனை. எதற்காகவோ கொண்டுவந்து போட்டு, பயன்படாமல் கிடக்கும் குழாய்கள். டோக்கியோவின் ஓரப் பகுதிகள் வேகமாக வீடுகளால் நிரம்பிய காலத்தின் அடையாளம் அது. எல்லைக்கல் நட்ட மனைக்குள் மட்டைப்பந்து விளையாடி வளரும் பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. தொடராகப் பார்த்தால் டோரேமான் சலிப்பூட்டும் என்பதும் உண்மை. நோபிதா அழுவான், கருவி கிடைக்கும், பேராசைப்படுவான், மாட்டிக்கொள்வான். பத்துக் கதை பார்த்தவருக்குப் பதினொன்றாவதன் முடிவு தெரிந்துவிடும்.

ஷின்-சானுக்கு அந்தக் குறை குறைவு. யோஷிதோ உசுயி 1990இல் பெரியவர்களுக்கான வார இதழில் தொடங்கிய சித்திரக்கதை அது. அதன் கேலி இந்தியாவில் சிறுவர் அலைவரிசைக்குப் பொருந்தாமல் 2008இல் தடைக்கு உள்ளாகி, வெட்டுகளோடு திரும்ப வந்தது. பெற்றோர் முகம் சுளிக்கும் காட்சிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், நடுத்தரக் குடும்பத்தின் வரவு செலவைத்தான் தொடர் சொல்லிக்கொண்டிருக்கிறது. டோக்கியோவுக்கு வடக்கே இருக்கும் கசுகாபே என்ற புறநகரில் சொந்த வீடு, முடிய 32 ஆண்டு பாக்கியுள்ள வீட்டுக் கடன், தள்ளுபடி விற்பனைக்கு ஓடும் தாய் மிசாயே, நெரிசல் ரயிலில் வேலைக்குப் போய் வரும் தந்தை ஹிரோஷி. திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய்த் திரும்பும் மனிதரின் வாழ்க்கைக்கு, எந்த மாயாவி உலகத் தொடரைவிடவும் ஷின்-சான் நெருக்கமானது. சிரிப்புத் தொடர் என்பதால் இந்தப் பெருமை அதற்குக் கிடைப்பதில்லை.

மண்ணுக்காகச் சண்டையிட்ட தனுக்கிகள்

தமிழ் ரசிகர்களின் பட்டியல்களில் அரிதாகவே வரும் படம் 'போம் போகோ'. ஸ்டுடியோ ஜிப்லிக்காக இசாவோ தகஹாதா இயக்கி 1994இல் வெளிவந்தது. அந்த ஆண்டு ஜப்பானியப் படங்களில் வசூலில் முதலிடம் பெற்றது. கதை நடக்கும் இடம் டோக்கியோவின் மேற்குப் புறநகர். 1960களில் தொடங்கிய தமா புதுநகரத் திட்டத்துக்காகக் குன்றுகள் வெட்டப்படுகின்றன. அங்கே வாழும் தனுக்கிகள், அதாவது நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த, உருமாறும் ஆற்றல் கொண்டதாக ஜப்பானிய நாட்டார் கதைகள் சொல்லும் காட்டு விலங்குகள், கூடிப் பேசி எதிர்க்கின்றன.

எதிர்ப்பு எப்படியெல்லாம் தோற்கிறது என்பதைத் தகஹாதா படிப்படியாகக் காட்டுகிறார். பேய் வேடமிட்டுப் பணியாளர்களை விரட்டினால், அதிகச் சம்பளத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள். முழு ஆற்றலையும் திரட்டி நகரத் தெருவில் பூத ஊர்வலம் நடத்தினால், அது தங்கள் விளம்பரம் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா நிறுவனம் பெயர் தட்டிக்கொள்கிறது. வன்முறையை நம்பிய கூட்டம் காவல் துறையோடு மோதிச் சாகிறது. மிஞ்சியவர்களில் உருமாறத் தெரிந்தவர்கள் மனிதராகி, சட்டை மாட்டி, நெரிசல் ரயிலில் தொங்குகிறார்கள். உருமாறத் தெரியாதவர்களுக்கு வாய்ப்பதெல்லாம் சாலையோரமும் கோல்ஃப் திடலும்தான்.

இன்னொரு கிளைக் காட்சி எளிதில் கவனத்துக்குத் தப்பிவிடும். வேறு மலைப்பகுதியிலிருந்து ஒரு தனுக்கி வந்து, தமாவில் வெட்டிய மண்ணைத் தன் காட்டில் கொட்டுகிறார்கள் என்று முறையிடுகிறது. ஓரிடத்தில் நகரம் எழும்போது அதன் கழிவு எங்கே போய் விழுகிறது என்ற கேள்வி அது. கொடுங்கையூர், பெருங்குடி வழியாகக் குத்தம்பாக்கத்துக்கும் வந்த கேள்வி. சென்னையின் மேற்கு எல்லையைப் பற்றித் தமிழில் வந்த எந்தத் திரைப்படமும் இதை இவ்வளவு நேராகத் தொடவில்லை என்று சொன்னால் பெரிதாக மறுப்பு வராது.

படத்தில் குறையில்லாமல் இல்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில், நடுப்பகுதிக் கூட்டங்களும் தீர்மானங்களும் இழுக்கின்றன. தனுக்கிகளின் உடலுறுப்பை வைத்துச் செய்யும் நாட்டார் நகைச்சுவை, குடும்பத்தோடு பார்ப்பவர்களை நெளிய வைக்கும். ஆனால் கதைசொல்லியின் குரல் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கிறது. ரகுகோ என்னும் மரபுக் கதைசொல்லல் கலைஞர் ஒருவரே அந்தக் குரல். சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே சாவைச் சொல்லும் முறை, வில்லுப்பாட்டு கேட்டுப் பழகிய காதுக்குப் புதிதாக இருக்காது.

ஹயாவ் மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' (1988) இதே நிலப்பரப்பின் முந்தைய காலத்தைக் காட்டுகிறது. இரண்டு சிறுமிகள், ஒரு பெரிய மரம், வயல்கள், தாயின் நோய். தீயவர் என்று ஒருவரும் இல்லாத படம். அழகில் போம் போகோவை மிஞ்சும் இந்தப் படம், அழகோடு நின்றுவிடுகிறது என்று குறை சொல்ல இடமுண்டு. திரைக்கு வெளியே நடந்தது வேறு. படத்துக்குத் தூண்டுதலான சயாமா குன்றுகளைக் காக்க ஓர் அமைப்பு உருவாகி, டோட்டோரோவின் பெயரில் நன்கொடை திரட்டி, 1991 முதல் துண்டு துண்டாகக் காட்டு நிலத்தை விலைக்கு வாங்கிக் காத்துவருகிறது.

பிறப்பா, உழைப்பா?

நருடோ தொடரை நேசிப்பவர்கள் சொல்லும் முதல் காரணம், ஊரே ஒதுக்கிய அநாதைச் சிறுவன் உழைப்பால் உயர்ந்தான் என்பது. தொடக்கப் பகுதிக்கு இது முழுக்கப் பொருந்தும். சூனின் தேர்வில் நருடோவும் நெஜியும் மோதும் இடம் தொடரின் உச்சம். நெஜி பிறந்த ஹ்யூகா குலத்தில் தலைமை வீடு, கிளை வீடு என்று இரண்டு. கிளை வீட்டில் பிறந்த குழந்தையின் நெற்றியில் முத்திரை பதிக்கப்படும். தலைமை வீட்டார் நினைத்தால் அந்த முத்திரை வழியே வலியூட்டலாம், கொல்லவும் முடியும். பிறந்த வீடே ஒருவரின் தலையெழுத்து என்று நெஜி நம்புவதில் என்ன வியப்பு? தான் ஹொகாகே ஆனால் அந்த முறையை மாற்றுவதாக நருடோ வாக்களிக்கிறான். சாதி தெரிந்த பார்வையாளர் நிமிர்ந்து உட்காரும் இடம் இது.

அந்த வாக்குறுதியைக் கதை மறந்துவிடுகிறது. நெஜி போரில் சாகிறான். நருடோ ஹொகாகே ஆன பின்பும் கிளை வீட்டு முறை ஒழிந்ததை மூலக் கதை காட்டவே இல்லை. போதாக்குறைக்கு, அநாதைச் சிறுவன் நான்காம் ஹொகாகேயின் மகன் என்றும், ஆதி முனிவரின் மகனுடைய மறுபிறவி என்றும் தெரியவருகிறது. உழைப்பின் கதை ரத்தத்தின் கதையாக முடிகிறது. உண்மையிலேயே உழைப்பை மட்டும் நம்பிய ராக் லீ, காராவுடனான அந்த ஒரு சண்டைக்குப் பின் ஓரத்துக்குப் போய்விட்டான். முதல் தொடரின் 220 எபிசோடுகளில் 135க்குப் பிறகு வருபவை பெரும்பாலும் இட்டு நிரப்பியவை என்ற வழக்கமான குறையை மன்னித்துவிடலாம். இதை மன்னிப்பது கடினம்.

முரட்டுத் தொடர் என்று இகழப்படும் டிராகன் பால் இசட் இந்த விஷயத்தில் நேர்மையானது. கோகு சையன் இனத்தில் கீழ்மட்ட வீரனாகப் பிறந்தவன், வெஜிட்டா இளவரசன். கோகு எந்த அரசனின் மகனும் இல்லை என்பதைக் கதை கடைசிவரை மாற்றவில்லை. அவனே முதல்வன் என்று வெஜிட்டா தனக்குள் ஒப்புக்கொள்ளும் இடம், 291 எபிசோடுகளின் கூச்சலுக்கும் ஈடு. ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று சொல்லப்பட்ட நமேக் கோள், வெடிக்க ஏறத்தாழ பத்து எபிசோடு எடுத்துக்கொண்டதையும் அதற்காகப் பொறுக்கலாம்.

சோலோ லெவலிங் இதற்கு நேர் எதிர். கொரிய இணைய நாவலிலிருந்து எடுத்து 2024இல் வந்த இந்தத் தொடரில், ஆற்றல் விழிக்கும் நாளிலேயே ஒருவரின் தரம் முடிவாகிவிடும், பிறகு மாறாது. கடைசித் தரத்து ஜின்வூவுக்கு மட்டும் விதிவிலக்கு கிடைக்கிறது. அவன் மேலே போகிறான், தரவரிசை அப்படியே இருக்கிறது. அடுக்கைக் கேள்வி கேட்காமல் அதன் உச்சியில் ஓர் ஆளை உட்காரவைப்பதோடு கதை திருப்தி அடைகிறது. படமாக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை; உள்ளே இருப்பது அவ்வளவுதான்.

2023இல் முடிந்த அட்டாக் ஆன் டைட்டன், பிறப்பைக் குற்றமாக்கும் உலகை அஞ்சாமல் காட்டியது. கையில் பட்டை கட்டி, வேலிக்குள் அடைக்கப்பட்ட எல்டிய மக்களின் பகுதி அதன் சிறந்த பங்களிப்பு. இறுதியில் நாயகன் செய்யும் பேரழிவுக்கு முன்னால் கதை தடுமாறுகிறது. கண்டிக்கவும் மனமில்லை, ஏற்கவும் துணிவில்லை.

தமிழ்க் குரல்

டீமன் ஸ்லேயரின் தன்ஜிரோ, கரி விற்கும் ஏழைக் குடும்பத்தின் மூத்த மகன். அவன் ஆடும் நெருப்பு நடனம் ரத்தத்தில் வந்த வரம் இல்லை. முன்னோர் ஒருவர் நண்பரிடம் கண்டு காத்து, தலைமுறைதோறும் தந்தை மகனுக்குக் கற்றுத்தந்த பயிற்சி. ஒவ்வோர் அரக்கனும் சாகும்போது பின்கதை ஓட்டும் வழக்கமும், செனிட்சுவின் ஓயாத அலறலும் பொறுமையைச் சோதித்தாலும், பரம்பரை என்பதை ரத்தமாகப் பார்க்காமல் கைத்தொழிலாகப் பார்த்ததில் இத்தொடர் நருடோவை முந்துகிறது. எலும்பு முறிந்து வலிக்கும்போது, மூத்த பிள்ளை என்பதால்தான் தாங்குகிறேன் என்ற பொருளில் தன்ஜிரோ தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். ஆங்கில ரசிகர்கள் சிரித்துக் கடந்த இடம் அது. தமிழில் அதற்குச் சிரிப்பு வராது. தங்கையைக் கரையேற்றும்வரை தனக்கென எதையும் எடுத்துக்கொள்ளாத அண்ணன்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

தமிழ் ஒலிமாற்றம் செய்வோர் கவனிக்க வேண்டியது இதைத்தான். அண்ணன் தம்பி உறவுச் சொல், மரியாதை விகுதி, பெரியவர் சிறியவர் வேறுபாடு ஆகியவை ஜப்பானிய உரையாடலின் உயிர். ஆங்கிலம் இவற்றைக் கைவிட்டாக வேண்டும், தமிழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாசுகே இடாச்சியை 'நீ-சான்' என்று அழைப்பதற்கு 'அண்ணா' என்ற சொல் தயாராக இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பும் ஜப்பானியச் சிறுவன் சொல்லும் 'இத்தெகிமாஸ்' என்பதன் பொருளே 'போய்விட்டு வருகிறேன்' என்பதுதான். 'போகிறேன்' என்று மட்டும் சொன்னால் பெரியவர்கள் திட்டும் வீடுகள் இரண்டு நாட்டிலும் இருக்கும்போது, ஆங்கில வசனத்தைப் பார்த்து 'நான் கிளம்புகிறேன்' என்று தமிழாக்குவது வீண் சுற்று. ஜப்பானிய மூலத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரை உரையாடல் எழுதும் மேசையில் உட்காரவைத்தாலே இந்தக் குறை பாதி தீரும்.