மார்கழிக் குளிர் யாருக்குச் சாதகம்?

விருத்தாசலத்தில் மார்கழி விடியலில் மைதானத்துப் பக்கம் போனால், மங்கி கேப்பைக் காது வரை இழுத்துவிட்டு ஓடும் பையன்களைப் பார்க்கலாம். போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். 'குளிர்ல காலே வரல சார்' என்பதுதான் பொதுப் புகார். அதில் பாதிதான் உண்மை.

இந்த ஊர்க் குளிர் என்பது 20, 21 டிகிரி. 1997இல் காலோவே, மாகன் என்ற இரு ஆய்வாளர்கள் எட்டு ஆண்களை, இனி முடியாது என்கிற வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். 31 டிகிரியில் சராசரியாக 52 நிமிடத்தில் ஓய்ந்தவர்கள், 21 டிகிரியில் 81 நிமிடம் தாங்கினார்கள். 11 டிகிரியில் 93 நிமிடம். 4 டிகிரிக்கு இறங்கியதும் மறுபடி 81தான். காரணம் எளிது. ஓடும்போது உடல் எரிக்கும் சக்தியில் சுமார் கால் பங்குதான் ஓட்டமாகிறது; மீதி வெறும் சூடு. வெயிலில் அந்தச் சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்கு ஓட வேண்டும். விடியலில் அந்த வேலை குறைவு, ரத்தம் காலுக்கே கிடைக்கிறது. ஆக, 1500 மீட்டர்காரருக்கு மார்கழி பகையில்லை. மங்கி கேப்பை இரண்டாவது சுற்றிலேயே கழற்றிவிடலாம். (அம்மா பார்க்காத இடத்தில்.)

நீளம் தாண்டுகிறவர், 100 மீட்டர் ஓடுகிறவர் கதை வேறு. தசையின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் பாய்ச்சலில் 4 முதல் 6 சதவீதம் வரை போய்விடும். நரம்பின் கட்டளையும் மெதுவாகத்தான் வந்து சேரும். விருத்தாசலம் போன்ற பீங்கான் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எடுத்த எடுப்பிலேயே சூளையில் தீயை ஏற்றினால் சாமான் விரிசல் விடும். பதினைந்து நிமிடம் மெல்ல ஓடி, வியர்வை அரும்பிய பிறகுதான் முழு வேகம்.

தண்ணீர்தான் பலரும் கோட்டைவிடும் இடம். குளிரில் தாகம் தெரியாது, வியர்வை மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

உண்மையான ஆபத்து ஈரமும் காற்றும் சேரும்போது வருகிறது. 2018 பாஸ்டன் மாரத்தானில் கொட்டும் குளிர் மழையில் முன்னணி வீரர்கள் பலர் பாதியிலேயே விலக, ஜப்பானின் யூகி கவாவுச்சி வென்றார். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மலைப் பந்தயத்தில் ஆலங்கட்டி மழையிலும் சூறைக்காற்றிலும் சிக்கி 21 பேர் இறந்தார்கள். இங்கே அந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஓடி முடித்து, சொட்டச் சொட்ட நனைந்த பனியனோடு பைக்கில் டீக்கடைக்குப் பறக்கும்போது உடம்பு வெடவெடப்பது இதன் சின்னத் தம்பிதான். பையில் மாற்றுச் சட்டை ஒன்று போதும்.

என் பேச்சு எடுபடுமானால் பயிற்சி வரிசையை மாற்றுவேன். இருட்டு விலகும்போது 1500. தாண்டு குழி மணலில் பனி காய்ந்த பிறகு நீளம் தாண்டுதல். பெண்களின் குண்டு எறிதலும் அப்போதுதான். விடியலில் அந்த இரும்புக் குண்டு சில்லிட்டுக் கிடக்கும். நாலு முறை தூக்குவதற்குள் விரல் மரத்து, பிடி நழுவும்.