பெயரும் மொழியும்: நான்கு விந்தைக் கதைகள்

அறிவியல் புனைகதை என்று பேச்செடுத்தால் நம் வீடுகளில் இரண்டு விதமான பதில்கள் வரும். ஒன்று, "அதெல்லாம் பசங்க படிக்கிற சமாச்சாரம் சார்" என்பது. இன்னொன்று, "புஷ்பக விமானத்தையே பார்த்தவங்க நாம, நம்மகிட்ட இல்லாததா?" என்பது. இரண்டுமே படிக்காமல் தப்பித்துக்கொள்ளும் வழிகள்தாம். புஷ்பக விமானம் அருமையான காவியக் கற்பனை. ஆனால் அது பறப்பதால் அயோத்தியில் யாருடைய அன்றாட வாழ்க்கையும் மாறவில்லை. அறிவியல் புனைகதை அங்கேதான் வேறுபடுகிறது. 'இப்படி ஒன்று நேர்ந்தால் மனிதர் வாழ்க்கை என்ன ஆகும்?' என்று கேட்டு, அந்தக் கேள்விக்குக் கடைசிவரை கட்டுப்பட்டு நிற்கிறது. ஃபேன்டஸி எனப்படும் மிகைபுனைவுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. மந்திரம் இருக்கலாம், ஆனால் மந்திரத்துக்கும் ஒரு விலை இருக்க வேண்டும்.

அண்மையில் நான் படித்தவையும் மீண்டும் படித்தவையுமாக நான்கு படைப்புகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். கருவியும் விண்கலமும் இவற்றில் மேற்பூச்சுதான். உள்ளே இருக்கும் பொருள் பெயரும் மொழியும். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. எந்தப் படிவத்தை எடுத்தாலும் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று யாரிடம் விளக்குவது? அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டு வருகிறோம். பிறகு ஊரே நம்மை நம் அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறது.

இரண்டெழுத்துக் குடிமக்கள்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடக்கும் காலம் 2020களின் தொடக்கம். அதாவது, அவர் கற்பனை செய்த எதிர்காலத்தை நாம் நிஜமாகவே வாழ்ந்து கடந்துவிட்டோம். ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். குடிமக்களுக்கு ஆளுக்கொரு எண். பெயரோ இரண்டே எழுத்து: நிலா, சிபி, ரவி, மனோ.

அந்தக் காலத்தில் எல்லோரும் ரசித்தது ஜீனோ என்ற இயந்திர நாயைத்தான். இன்று படிக்கும்போது அந்த இரண்டெழுத்துப் பெயர்கள்தாம் உறுத்துகின்றன. இரண்டெழுத்துப் பெயரில் ஊர் இல்லை, குலதெய்வம் இல்லை, தாத்தா பாட்டி இல்லை. ஒரு மனிதனை அவன் பழங்கதையிலிருந்து அறுத்தெடுக்க வேறு கத்தி வேண்டாம்; பெயரைச் சுருக்கினால் போதும். மக்கள் திரையில் பார்த்து வணங்கும் ஜீவா உண்மையில் யார் என்ற கேள்வியும், பொய்யான காணொளிகள் மலிந்துவிட்ட இந்நாளில் புது அர்த்தம் பெறுகிறது.

குறையும் சொல்ல வேண்டும். நிலா ஏதும் அறியாத பெண்ணாகத் தொடங்கி மெல்ல விழித்துக்கொள்கிறாள். ஆனால் அவளுக்காகப் பெரும்பாலும் யோசிப்பது நாய்தான். அவள் தானே யோசித்திருந்தால் நாவல் இன்னும் உயர்ந்திருக்கும். ஆயினும் டில்லியிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய சுஜாதா, பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் ஓர் உரைநடையை நமக்குத் தந்தார். அதன் அருமைக்குப் பிறகு வருகிறேன்.

பெயர் மாற்றப்பட்ட பெங்களூர்

லாவண்யா லட்சுமிநாராயண் ஆங்கிலத்தில் எழுதிய 'அனலாக்/விர்ச்சுவல்' 2020இல் வெளிவந்தது. பின்னர் 'தி டென் பர்சென்ட் தீஃப்' என்ற பெயரில் வெளிநாட்டிலும் பதிப்பிக்கப்பட்டு, 2024இல் ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பெங்களூர் இங்கே ஒரு நிறுவனத்தின் கையில் 'அபெக்ஸ் சிட்டி' ஆகிவிடுகிறது. மனிதர்கள் உற்பத்தித் திறனை வைத்துத் தரம் பிரிக்கப்படுகிறார்கள்: மேல் தட்டு 20 சதவீதம், நடுத்தட்டு 70, கடைசி 10. கடைசியில் விழுந்தவர்கள் வசதிகள் மறுக்கப்பட்டு மின்வேலிக்கு அப்பால் வாழ வேண்டியதுதான்.

வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்து, வருடா வருடம் 'அப்ரைசல்' வாங்கும் குடும்பங்களுக்கு இதில் விஞ்ஞானம் கொஞ்சமாகவும் நிஜம் அதிகமாகவும் தெரியும். ஒன்றோடொன்று தொடர்புள்ள கதைகளாக அமைந்திருப்பது நூலின் பலம்; ஒரு நகரத்தைப் பல ஜன்னல்கள் வழியாகப் பார்க்கிறோம். அதுவே பலவீனமும்கூட. கதை மாற மாற மனிதர்கள் வந்து போகிறார்கள்; நிலாவைப் போல ஒருத்தி நம்மோடு தங்குவதில்லை.

மெய்ப்பெயரைச் சொல்வது

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் (1929–2018) எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' 1968இல் வந்தது. ஹாரி பாட்டருக்கு ஏறக்குறைய 30 வருடங்கள் முன்பே, மந்திரம் கற்கப் பள்ளிக்குப் போகும் ஒரு பையனின் கதை. அந்தத் தீவுகளின் உலகில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவனுக்கு அப்பொருளின்மேல் அதிகாரமும் உண்டு. எனவே மனிதர்கள் தங்கள் மெய்ப்பெயரை மறைத்து, புழங்குபெயரோடு நடமாடுகிறார்கள். நமக்குப் புரியாதா என்ன? வீட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் என்று வளர்ந்தவர்கள்தானே நாம்!

கெட் என்ற அந்தப் பையன் கர்வத்தால் ஒரு பெரும் தவறு செய்து, ஒடிந்து போய் நிற்கிறான். அப்போது அவனுடைய நண்பன் தன் மெய்ப்பெயரை அவனிடம் சொல்கிறான். ஓர் உயிரையே எடுத்துக் கையில் கொடுப்பது போன்ற செயல் அது. வாளோ நெருப்போ இல்லாத இந்த ஒரு கட்டம், எத்தனையோ யுத்தக் காட்சிகளைவிட மனத்தில் நிற்கிறது. கெட் தன்னைத் துரத்தும் நிழலை எப்படி எதிர்கொள்கிறான் என்பதை நான் சொல்லப் போவதில்லை. படித்துத்தான் அறிய வேண்டும்.

பேச்சும் எழுத்தும் வேறான மொழி

டெட் சியாங்கின் 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' 1998இல் வெளிவந்த குறுநாவல். 2016இல் 'அரைவல்' என்று திரைப்படமாகவும் வந்தது. வேற்றுலகத்தார் பூமிக்கு வருகிறார்கள். அவர்களோடு பேச அழைக்கப்படுபவர் லூயிஸ் பேங்க்ஸ் என்ற மொழியியல் அறிஞர். அவர் கண்டுபிடிக்கும் முதல் அதிசயம், அவர்களுடைய எழுத்து அவர்களுடைய பேச்சின் வரிவடிவம் இல்லை என்பது. பேச்சு ஒரு மொழி, எழுத்து வேறொரு மொழி. அந்த எழுத்தைக் கற்கக் கற்க, காலத்தை அவர் உணரும் விதமே மாறுகிறது. தன் மகளை நோக்கி ஒரு தாய் சொல்லும் கதையாக இது அமைந்திருப்பது தற்செயல் அல்ல. ஒரு மொழியைக் கற்பது என்பது சொற்பட்டியலை நெட்டுருப் போடுவது இல்லை. வேறொரு விதமாக வாழச் சம்மதிப்பது என்று கதை சொல்கிறது.

இங்கேதான் எனக்குச் 'சுரீர்' என்றது. நம் பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய இதுதானே? "அம்மா, பசிக்குது" என்று சரளமாகப் பேசும் குழந்தை, அச்சிட்ட தமிழைப் பார்த்தால் விழிக்கிறது. எழுத்து தெரியாதது பாதிக் காரணம். மீதிப் பாதி, எழுத்துக்கூட்டிப் படித்தாலும் அது வீட்டில் கேட்ட தமிழாக இல்லை என்பது. பேச்சுத் தமிழ் அதற்குச் சொந்தம். எழுத்துத் தமிழ் வேற்றுலக மொழி. இந்த இடைவெளியை அப்படியே விட்டுவிட்டால், அடுத்த தலைமுறைக்குத் தமிழ் சமையலறையோடு நின்றுவிடும்.

சுஜாதாவின் உரைநடைக்கு அருமை இருக்கிறது என்றேனே, அது இதற்காகத்தான். பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு பாலம் போல அவர் தமிழ் நிற்கிறது. ரோபோவும் கம்ப்யூட்டரும் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழகிய உலகம்; புதிதாகக் கற்க வேண்டியது மொழி மட்டுமே. பாடப்புத்தகத்தைக் காட்டிலும் ஜீனோ நல்ல வாத்தியார்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'என் இனிய இயந்திரா'வை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஓர் அத்தியாயம் உரக்கப் படியுங்கள். தொடர்கதையாக எழுதப்பட்டது என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் "அப்புறம் என்னாச்சு?" என்ற கேள்வியில்தான் நிற்கும். பதிலுக்குப் பிள்ளைகள் எர்த்சீயின் கதையை உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். சொல்லும்போது தடுமாறுவார்கள், பாதி ஆங்கிலம் கலக்கும். கலக்கட்டும், திருத்த வேண்டாம். மெய்ப்பெயர் என்பதை அவர்கள் எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.