தார் தீந்துபோச்சு: கரிசல் அகராதியும் சொல் புழங்கும் இடமும்

கி. ராஜநாராயணனின் ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ 1982-ல் வந்தது. தமிழில் ஒரு வட்டாரத்துப் பேச்சுக்கென்று வந்த முதல் அகராதி அது என்பதால் பாராட்டி நிறையவே எழுதியிருக்கிறார்கள். நியாயமான பாராட்டுதான். ஆனா எழுதுறவங்க பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்றாங்க: அழிந்துகொண்டிருந்த சொற்களை அவர் காப்பாற்றினார் என்று. எனக்கு இதுதான் இடிக்குது. அகராதியில் போட்டுவிட்டால் ஒரு சொல் பிழைத்துக்கொள்ளுமா? அதுக்கு முன்னாடி, ஒரு சொல் மனுசங்ககிட்ட எப்படி வந்து சேருது?

முதலில் அந்தப் புத்தகம் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். வட்டாரச் சொற்களும் அதில் உண்டு. ஆனால் பக்கத்தில் ‘உள்ளூர் வழக்கு’ என்று பொருள்படும் ஒரு குட்டிச் சுருக்கக் குறி இருக்கும். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் திண்ணையில் உட்கார வைத்த மாதிரி. பள்ளிக்கூடத்தில் அந்த இடமும் கிடையாது, கொச்சை என்று அடித்துத் திருத்திவிடுவார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாத, வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த, இடைசெவல் சம்சாரி ஒருவர் அந்தத் திண்ணைச் சொற்களை எல்லாம் கூட்டி, ‘இதுவும் தமிழ்தான்’ என்று தனிப் புத்தகம் போட்டது சின்னக் காரியம் இல்லை. கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகன், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் என்று பின்னால் வந்தவர்களுக்குப் பாதை போட்டதும் அதுதான்.

ஆனாலும் அகராதி என்ற வடிவத்துக்கே ஒரு குறை இருக்கு. அதை ஒரு சொல்லை வைத்துப் பார்க்கலாம்.

அருப்புக்கோட்டை, பாளையம்பட்டிப் பக்கம் ‘தார்’ என்றால் என்ன? தறி வீட்டில் அது ஊடைநூல் சுற்றி நாடாவுக்குள் போடுவது. பழக்கடையில் வாழைத்தார். வண்டிக்காரர் கையில் மாட்டை விரட்டும் தார்க்குச்சி. ரோட்டில் ஊற்றுவதும் தார். முதல் மூன்றையும் ‘தாறு’ என்று எழுதுவதுதான் சரி என்று படித்தவர்கள் சொல்வார்கள். எழுத்தில் சரி, காதுக்கு எல்லாம் ஒண்ணுதான். “தார் தீந்துபோச்சு” என்று ஒரு குரல் கேட்குது. தறி வீட்டில் என்றால் அடுத்த தாரை எடுத்துக் கொடுக்கணும். பழக்கடையில் என்றால் இன்னிக்கு வியாபாரம் முடிஞ்சது. ரோடு போடுற இடத்தில் என்றால் பீப்பாய் காலி. ஒரே வாக்கியம், மூணு வேலை. தறி வீட்டில் வளர்ற பிள்ளை எதையும் குழப்பிக்கொள்வதில்லை. அதுக்கு யாரும் அர்த்தம் சொல்லித் தரவில்லை. “தார் சுத்துடா” என்றபோது சுத்தினான், அவ்வளவுதான். சொல்லும் கைவேலையும் சேர்ந்தே வந்தன. அகராதி இதை 1, 2, 3, 4 என்று எண் போட்டுப் பிரித்து வைக்கும். தப்பில்லை. ஆனால் எந்த எண் எப்போது என்று சொல்லுவது அகராதி இல்லை, இடம்.

விட்கென்ஸ்டைன் இதைத்தான் ‘மெய்யியல் ஆய்வுகள்’ நூலில் (1953) எடுத்துக்கொண்டார். பெரியவர்கள் ஒரு பொருளைக் காட்டிப் பேர் சொல்ல, அதைக் கேட்டுத் தான் பேசக் கற்றதாகப் புனித அகஸ்தீன் எழுதியதிலிருந்து நூல் ஆரம்பிக்குது. அதற்கு எதிராக அவர் வைக்கும் உதாரணம் ஒரு கட்டட வேலை. கொத்தனார் ஒரு சொல்லைச் சொல்கிறார், கூட இருக்கிற ஆள் அந்தக் கல்லை எடுத்து வருகிறான். நம்மூரில் கொத்தனார் “கலவை!” என்று கத்தினால் சித்தாளு கலவைச் சட்டியைத் தூக்கி வருவது இதுதான். அங்கே ‘கலவை’ ஒரு பொருளின் பேர் மட்டும் இல்லை, ஒரு ஏவல்.

கரிசலுக்கு இது ரொம்பவே பொருந்தும். ‘ஒரு உழவு மழை’ என்பார்கள். மில்லிமீட்டரில் கேட்டால் சொல்ல முடியாது. நிலத்தை உழுகிற அளவுக்கு ஈரம் இறங்கியிருக்கு என்பதுதான் அளவு. கரிசல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், ஈரம் மிஞ்சினால் கலப்பையில் அப்பிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பதத்தைத் தெரிந்தவனுக்குத்தான் அந்தச் சொல் தெரியும். அகராதிப் பொருளை மனப்பாடம் செய்தவனுக்குச் சொல் மட்டும்தான் கிடைக்கும், மழை கிடைக்காது.

இதைவிடப் பெரிய விஷயம் விளிச்சொற்கள். ‘மயினி’ என்றால் அண்ணன் மனைவி, ‘அண்ணாச்சி’ என்றால் மூத்தவரை மரியாதையாக அழைப்பது என்று பொருள் எழுதிவிடலாம். ஆனால் யார் யாரை மயினி என்று கூப்பிடலாம், யார் கூப்பிடக்கூடாது? ‘ஏலே’ என்ற சொல்லைப் பேரன் வயதுப் பையன் தாத்தா வயது ஆளைப் பார்த்துச் சொன்ன காலம் இந்த மண்ணில் இருந்தது. அந்தப் பெரியவர் எந்தச் சாதி, பையன் எந்தச் சாதி என்பதுதான் அங்கே இலக்கணம். பிள்ளைகள் அந்த இலக்கணத்தையும் பாலோடு சேர்த்தே கற்றார்கள். வட்டார வழக்கு என்றதும் ‘மண் வாசனை’ என்று உருகுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சொல்லுக்குப் பொருள் மட்டும் எழுதினால் அந்த வாசனை மட்டும்தான் தெரியும். யார் யாரிடம் சொன்னது என்று எழுதினால்தான் அது எப்படிப்பட்ட ஊர் என்று தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அகராதியில் விட்டுப்போனதைக் கதைக்காரர் கி.ரா. விடவில்லை. ‘கதவு’ கதையில் பிள்ளைகள் வீட்டுக் கதவைப் பஸ்ஸாக்கி விளையாடுகிறார்கள். பெரியவர்கள் உலகத்தின் சொற்களைப் பிள்ளைகள் விளையாடித்தான் பழகுகிறார்கள். பிறகு வரி பாக்கிக்காகத் தலையாரி வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். வரி பாக்கி என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு இனி எந்த அகராதியும் சொல்ல வேண்டியதில்லை. அகராதி வந்த அதே 1982-ல் பூமணியின் ‘வெக்கை’யும் வந்தது. கொலை செய்துவிட்டு அப்பனோடு காட்டில் ஒளிந்து திரியும் பையனின் கதை. அருஞ்சொற்பொருள் பட்டியலைத் தேடாமலே வெளியூர் வாசகர் சொற்களைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. காரணம், ஒவ்வொரு சொல்லும் பசிக்கோ ஒளிவதற்கோ நடப்பதற்கோ வேலை செய்துகொண்டே வருது.

இப்போது ஆரம்பத்துக் கேள்வி. சொல் ஏன் அழியுது? யாரும் எழுதி வைக்காததால் இல்லை. கமலை, கூனை, வடம் எல்லாம் போனது மோட்டார் வந்ததால். இன்னிக்கு ஒரு கல்லூரி மாணவர் ‘கூனை’க்குப் பொருள் பார்த்துப் பரீட்சை எழுதலாம். ஆனால் அதை வைத்துத் தண்ணி இறைக்கப்போவதில்லை. அந்தச் சொல் காப்பாற்றப்படவில்லை, பதியப்பட்டிருக்கிறது. இரண்டும் வேறு. பதிவுக்கும் மதிப்பு உண்டு, எப்படி உழைத்தோம் என்பதற்கு அது சாட்சி. சாட்சியை உயிர் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

இன்னொரு பக்கம் புதுச் சொற்கள் பிறந்துகொண்டே இருக்கு. சீமைக்கருவேலம் பரவி, வெள்ளாமை இல்லாத காடெல்லாம் கரிமூட்டம் புகைந்தபோது அதோடு ஒரு சொற்கூட்டம் வந்தது. ‘போர் போடுறது’, ‘மோட்டார் எடுத்துவிடு’, ‘கரண்ட் வந்துருச்சா’ எல்லாமே இன்னிக்குக் கரிசல் தமிழ்தான். வட்டார அகராதி தொகுப்பவர்கள் பெரும்பாலும் வயசானவர்களிடம் போய்ப் பழைய சொல்லைத்தான் கேட்கிறார்கள். விசைத்தறி ஓட்டுகிற பையனிடமும், மில்லுக்குப் போகிற பெண்ணிடமும், செங்கல் சூளையில் இருப்பவரிடமும் யார் கேட்பது?

கி.ரா. 2021 மே மாதம் காலமானார். அவர் போட்ட பாதையில் அடுத்து யாராவது நடந்தால், அகர வரிசையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இடவரிசையில் தொகுத்துப் பார்க்கலாம். தறி வீடு, கம்மாய்க்கரை, கரிமூட்டம், பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை என்று. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளுக்கு முன்னால் இரண்டே கேள்வி: யார் சொன்னது, யாரிடம்? அதுக்கு அப்புறம் பொருளை எழுதிக்கொள்ளலாம்.