பாட்டுக்குப் பக்கத்தில் ஓடும் பாட்டு

பாட்டெழுதிப் பாடுகிற ஒருவரை எடைபோட நம்மிடம் பெரும்பாலும் ஒரே தராசுதான் இருக்கிறது. எத்தனை பாட்டு எழுதினார், அவற்றில் எத்தனை ஊர் வாயில் நிற்கிறது? இந்தத் தராசில் அயர்லாந்தின் ஆண்டி இர்வைனை ஏற்றினால் முள் அதிகம் அசையாது. 1960களிலிருந்து மேடையில் இருக்கிறார். ஆனால் சொந்தப் பாட்டுகளைவிட, பெயர் தெரியாத யாரோ எப்போதோ கட்டிவைத்த பழம்பாட்டுகளையே அதிகம் பாடியிருக்கிறார். அவர் இருந்த குழுக்களில் பெரும்புகழ் பெற்ற பிளாங்ஸ்டியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் பெயர் கிறிஸ்டி மூர். அடுத்து, பைப் என்னும் துருத்திக் குழல் வாசித்த லியம் ஓஃப்ளின். பால் பிரேடியோடு சேர்ந்து 1976இல் இர்வைன் வெளியிட்ட இசைத்தட்டிலும் ஜனங்கள் மறக்காமல் வைத்திருப்பது பிரேடி பாடிய ‘ஆர்தர் மக்பிரைட்’. ‘நல்ல பக்கவாத்தியக்காரர், பாடவும் செய்வார்’ என்று இர்வைனை ஓரமாக உட்காரவைத்துவிடுவது சுலபம். என் கட்சி, அந்தப் பக்கவாத்தியத்தில்தான் அவருடைய பெரிய படைப்பு இருக்கிறது என்பது. கூட வாசிப்பதையே இயற்றும் வேலையாக்கினார். பாடுகிற குரலுக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டை ஓடவிட்டார். அவர் சொந்தமாக எழுதியவற்றில் தேறியவையும் அந்த ஓட்டத்திலிருந்து பிறந்தவைதான்.

1942இல் லண்டனில் பிறந்தவர். தாய் வட அயர்லாந்தின் லிஸ்பர்ன் ஊர்க்காரர், இசைநாடக நடிகை. தந்தை கிளாஸ்கோவைச் சேர்ந்தவர். பையனாக இருந்தபோது சினிமாவில் நடித்தார். கிட்டார் மேதை ஜூலியன் பிரீமிடம் சில காலம் பாடம் கேட்டார். செவ்வியல் இசைக்குப் போயிருக்க வேண்டிய பையனை லானி டொனகன் கிளப்பிய ஸ்கிஃபில் இசை அலை வேறுபக்கம் இழுத்துக்கொண்டு போனது. அந்த வழியில் கிடைத்தவர் உட்டி கத்ரி. அமெரிக்காவின் அந்த நாடோடிப் பாடகர் தீரா நோயோடு மருத்துவமனையில் கிடந்தபோது அவருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் பித்து. 1960களின் தொடக்கத்தில் டப்ளினுக்குப் போனார். மெரியன் ரோ தெருவில் இருக்கும் ஓ’டொனஹூ மதுக்கடைதான் அன்று நாட்டார் பாடகர்களின் சபை. அங்கே பழகிய நட்பில் 1966இல் ஸ்வீனீஸ் மென் என்ற குழு உருவானது. (தமிழ்க் காதுக்கு அவர் பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. ஊர் ஊராகச் சுற்றியே வாழ்ந்த மனிதருக்கு ‘ஆண்டி’ என்பதைவிடப் பொருத்தமான பெயரை யார் வைக்க முடியும்?) இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, ஐரிஷ் இசையை அவர் வீட்டுத் திண்ணையில் கேட்டு வளரவில்லை என்பது. வீட்டுப் பிள்ளைக்கு மெட்டு மூச்சோடு சேர்ந்து வந்துவிடும். வெளியிலிருந்து வந்து கற்றவர் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

பிரித்துப் பார்த்தால் தெரிவது இது: ஐரிஷ் மரபிசை அடிப்படையில் ஒற்றைக் கோட்டு இசை. ஃபிடில், குழல், பைப் என்று பத்துப் பேர் கூடி வாசித்தாலும் பத்துப் பேரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள். அவரவர் கமகத்தில்தான் வேறுபாடு. ஷான் நோஸ் என்னும் பழைய பாடுமுறைக்குப் பக்கவாத்தியமே கிடையாது. இதற்குக் கிட்டாரில் மேற்கத்திய கார்டு பிடித்தால் ஒரு சங்கடம் வருகிறது. கார்டு என்பது மூன்று சுரங்களின் கூட்டு; நடுவில் இருக்கும் காந்தாரம் பெரியதா சிறியதா என்று கிட்டார் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பழைய மெட்டுகள் பல அந்தத் தீர்ப்பை ஏற்பவை அல்ல. ஸ்வீனீஸ் மென் குழுவில் இருந்த ஜானி மொய்னிஹன் கிரேக்க வாத்தியமான புசூக்கியைக் கொண்டுவந்து அதன் தந்திகளை ஜி-டி-ஏ-டி என்று சுருதி சேர்த்தபோது இந்தச் சிக்கல் அவிழ்ந்தது. திறந்த தந்திகளில் சட்ஜமும் பஞ்சமமும் தம்பூராவில் போல நின்று ஒலிக்கும். காந்தாரம் எது என்பதைப் பாடுகிறவரே சொல்லிக்கொள்ளலாம். மெட்டின் சாயலைக் கெடுக்காமல் அதற்கு ஒரு தரை போட்டுக் கொடுத்த மாதிரி. புசூக்கியைக் கொண்டுவந்த பெருமை மொய்னிஹனுக்கு. அந்தத் தரையின் மேல் நடக்கத் தொடங்கியவர் இர்வைன். சுருதிக்கும் தாளத்துக்கும் தந்தியை மீட்டுவதோடு நிற்காமல், மாண்டலினிலும் புசூக்கியிலும் ஒவ்வொரு சுரமாக எடுத்து, பாட்டு இறங்கும்போது ஏறியும் பாட்டு நிற்கும்போது நகர்ந்தும், தனக்கென்று ஒரு மெட்டைக் கட்டினார்.

அந்த மெட்டுக்குத் தாளம் கிடைத்தது வேறு மண்ணில். 1968இல் ஸ்வீனீஸ் மென் குழுவை விட்டுவிட்டுக் கிழக்கு ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். யூகோஸ்லாவியா, ருமேனியா, பல்கேரியா என்று ஓராண்டுக்கு மேல் சுற்றினார். ஐரிஷ் நடன இசையில் ரீல் நாலடி, ஜிக் ஆறடி. எல்லாம் சமமாகப் பிரியும். பல்கேரியாவின் ரச்செனிட்சா ஏழு. இரண்டு, இரண்டு, மூன்று என்று விழும். கோபனிட்சா பதினொன்று. மிஸ்ர சாபுவில் ஊறிய நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆனால் காலால் சமமாகத் தட்டியே பழகிய டப்ளின்காரருக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி உயரமாக இருக்கும் படிக்கட்டில் ஏறுவது போல. திரும்பி வந்த இர்வைன் இந்த நொண்டல் நடையை ஐரிஷ் பாட்டுகளின் மேல் அப்படியே ஒட்டவில்லை. தாளத்தை விரல்களுக்குள் வைத்துக்கொண்டார். சமமான நாலடிப் பாட்டுக்கு வாசிக்கும்போதும் அவர் அழுத்தம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாது. அடி பிசகியது போல் தோன்றி, சமத்தில் சரியாக வந்து சேரும்.

பிளாங்ஸ்டியில் இதெல்லாம் கூடிவந்தது. கில்டேர் மாவட்டத்தில் பிராஸ்பரஸ் என்ற சிற்றூரில் 1971இல் கிறிஸ்டி மூரின் இசைத்தட்டுக்காகச் சேர்ந்து வாசித்தவர்களில் நால்வர் மறு ஆண்டு குழுவானார்கள்: மூர், இர்வைன், ஓஃப்ளின், டோனல் லனி. இடதுகைக்காரரான லனிக்குப் புசூக்கியைப் பரிசாகக் கொடுத்தவர் இர்வைன்தான். பிறகு இருவர் தந்திகளும் சடை பின்னியது போலப் பின்னிக்கொண்டன. 1973இல் வந்த முதல் இசைத்தட்டின் முதல் பாட்டைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். ஜான் ரைலி என்ற நாடோடி இனப் பாடகரிடமிருந்து கிடைத்த ‘ராகில் டாகில் ஜிப்ஸி’யை மூர் பாடுகிறார். பாட்டு முடிகிற இடத்தில் குழு நிற்பதில்லை. தந்திகள் மட்டும் மெட்டின் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, வேகத்தைத் தணித்து, 17ஆம் நூற்றாண்டு யாழ்க் கலைஞர் ருவரி டால் ஓ கஹான் செய்த ஒரு மெட்டின் வாசலில் கொண்டுபோய் விடுகின்றன. அங்கே ஓஃப்ளினின் பைப் உள்ளே வருகிறது. நாடோடியின் பாட்டும் பிரபுக்களின் கூடத்து இசையும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள் என்று வாயால் சொல்லாமல் வாத்தியத்தால் சொன்ன இடம் அது. அந்த நடையைக் கட்டியது மூரின் குரல் அல்ல, பக்கத்தில் இருந்த தந்திகள். அதே இசைத்தட்டில் ‘பிளாக்ஸ்மித்’ என்ற ஆங்கில நாட்டுப்புறப் பாட்டை இர்வைன் பாடுகிறார். பாட்டின் வாலாக அவரே இயற்றிய வாத்தியப் பகுதி பால்கன் சாயலோடு வெடித்துக் கிளம்பும். பாடும்போதே விரல்களில் பதுங்கியிருந்தது இதுதானா என்று கேட்பவருக்கு அங்கேதான் புரியும்.

மரபாளர்களின் தரப்பு இங்கே எழும். ஒற்றைக் குரலின் தனிமைதான் ஐரிஷ் இசையின் அழகு. அதைச் சுற்றித் தந்தி வலை பின்னுவது அலங்காரம், பால்கன் தாளமோ வெளியூர் மசாலா என்பார்கள். இந்த வாதத்தின் முதல் பாதியை நான் மதிக்கிறேன். ஷான் நோஸ் பாடகர் காலத்தை இழுத்தும் விட்டும் பாடுவதற்கு எந்தப் பக்கவாத்தியமும் ஈடாகாது. பிளாங்ஸ்டியின் வாரிசுகள் என்று கிளம்பிய பலரின் கையில் புசூக்கி வெறும் தாளப் பெட்டியானதும் உண்மை. இரண்டாம் பாதி நிற்காது. மசாலா என்றால் தூவி எடுத்துவிடலாம். இர்வைன் பாடுவதிலிருந்து அந்தத் தாள உணர்வை எடுத்துவிட்டால் அவர் சொற்களை நிறுத்துகிற இடமே மாறிப்போகும். பிளாங்ஸ்டி மீண்டும் கூடியபின் 1979இல் பதிந்த ‘ஸ்மெசெனோ ஹோரோ’ ஒன்பதும் பதினைந்தும் கலந்த பல்கேரிய நடனம். அதை ஓஃப்ளினின் பைப் எந்தக் கூச்சமும் இல்லாமல் வாசிக்கிறது. பைப்பின் ஒலியும் பல்கேரியத் துருத்திக் குழலின் ஒலியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்பது அப்போதுதான் காதில் படுகிறது. 1992இல் பைப் கலைஞர் டேவி ஸ்பிலேனுடன் இர்வைன் செய்த ‘ஈஸ்ட் விண்ட்’ இந்த உறவை ஒரு முழு இசைத்தட்டாக விரித்தது. அதைத் தயாரித்த பில் வீலன் 1994இல் ‘ரிவர்டான்ஸ்’ நடன நிகழ்ச்சிக்கு இசை எழுதினார். உலகம் முழுக்க ‘ஐரிஷ் இசை’ என்று கைதட்டிய ஒன்றுக்கு முந்தைய ஒத்திகை பால்கன் மெட்டுகளில் நடந்திருக்கிறது.

இனி அவர் எழுதிய பாட்டுகள். எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்க நான் தயாரில்லை. 1991இல் வந்த ‘ரூட் அவேக்கனிங்’ இசைத்தட்டில் தமக்குப் பிடித்த வீரர்களுக்குப் பாட்டு எழுதியிருக்கிறார்: யூதர்களைக் காத்த ரவுல் வாலன்பெரி, அண்டார்க்டிக் பயணி டக்ளஸ் மாசன், மெக்சிகோவின் சபாட்டா. நல்ல மனம், நல்ல வரலாற்றுப் படிப்பு. ஆனால் சில இடங்களில் செய்தி மெட்டை நெரிக்கிறது. கத்ரிக்கு அஞ்சலியாக அவர் எழுதிய ‘நெவர் டயர் ஆஃப் த ரோட்’ மட்டும் நடைவேகத்தால் தப்பிக்கிறது. ஆனால் பிளாங்ஸ்டியின் முதல் இசைத்தட்டில் உள்ள ‘வெஸ்ட் கோஸ்ட் ஆஃப் கிளேர்’ வேறு ஜாதி. அட்லாண்டிக் கரையில் இழந்த காதலை நினைக்கும் பாட்டு. சொல் மிகக் குறைவு, நிகழ்ச்சி என்று ஏதும் இல்லை. காகிதத்தில் வாசித்தால் சாதாரணம். அதன் துக்கம் முழுவதும் வரிகளுக்கு இடையே வாத்தியங்களுக்கு விட்ட வெளியில் இருக்கிறது. புக்காரெஸ்டுக்கு அருகே கழித்த நாட்களை நினைத்து எழுதிய ‘பனியாசா’ பாட்டும் அப்படியே. அது முடிந்ததும் ஒரு பல்கேரிய நடனத்துக்குள் போய்விடும், ஏக்கத்துக்கு விடை நடனம்தான் என்பது போல. சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிடாமல் நண்பர்கள் வாசிக்க இடம்விட்டு எழுதியவை இவை. கவிஞரின் அளவுகோலால் அளந்தால் குறைவாகத் தெரிவது அதனால்தான்.

கடைசி ஆட்சேபம் கொஞ்சம் கூர்மையானது. இவ்வளவு நல்ல கூட்டாளி என்றால் அவருடைய குழுக்கள் ஏன் உடைந்துகொண்டே இருந்தன? பிளாங்ஸ்டி 1975இல் கலைந்தது, மீண்டும் கூடியது, 1983இல் மறுபடி கலைந்தது, 2004இல் டப்ளினின் விகார் ஸ்ட்ரீட் அரங்கில் இன்னொரு முறை கூடியது. இடையில் கெவின் பர்க், ஜாக்கி டேலியுடன் பேட்ரிக் ஸ்ட்ரீட் என்ற குழு. 2002இல் மொசைக்: அமெரிக்க ஃபிடில்காரர் புரூஸ் மோல்ஸ்கி, பல்கேரிய வாத்தியங்கள் பலவற்றைக் கையாளும் நிகோலா பாரோவ், ஹாலந்தின் ரென்ஸ் வான் டெர் சால்ம், கூடவே லனி. பிறகு லியம், ஆண்டி, பேடி கிளாக்கின், டோனல் ஆகிய நால்வரின் முதலெழுத்துகளைச் சேர்த்து லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸை நினைவூட்டும்படி எல்.ஏ.பி.டி.; அதற்கும் பிறகு அஷர்ஸ் ஐலண்ட். ஒரே குழுவாக ஐம்பது ஆண்டு நின்றிருந்தால் கம்பெனி நடத்தியிருப்பார் என்பதே என் பதில். இந்தப் பட்டியலில் லனியின் பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்க வேண்டும். கலைந்தது ஏற்பாடு மட்டுமே, உறவு கலையவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் பக்கத்தில் புது வாத்தியம் வந்து உட்காரும்போது பழைய பாட்டுக்கும் புதிய பதில் தேவைப்பட்டது. அப்பலேச்சிய மலை ஃபிடில் பக்கத்தில் இருக்கும்போது ஒருவிதமாகவும், பைப் இருக்கும்போது வேறுவிதமாகவும் அவர் வாசிப்பது ஒலிப்பதிவுகளில் கேட்கக் கிடைக்கிறது.

ஓஃப்ளின் 2018இல் காலமானார்; பிளாங்ஸ்டியின் முதல் நால்வரை இனி மேடையில் பார்க்க வழியில்லை. ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. இர்வைனைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் அவர் எழுதிய பாட்டுகளின் தொகுப்பிலிருந்து தொடங்க வேண்டாம். 1973இன் அந்த முதல் இசைத்தட்டை எடுத்து, மூர் பாடும் முதல் பாட்டை இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் முறை மூரின் குரலை மனதால் ஒதுக்கிவிட்டு, அதன் கீழே ஓடும் தந்திகளை மட்டும் பின்தொடருங்கள்.