முன்பதிவில்லாப் பயணமும் நம் பயண நூல்களும்

முன்பின் அறியாத நாட்டிற்குள், முதுகில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு, இன்ன ஊரில் இறங்குவோம், இன்ன விடுதியில் உறங்குவோம் என்னும் ஏற்பாடு எதுவுமின்றிப் புகுந்து திரிவது இக்காலத்து இளைஞரிடையே ஒரு கலையாகவே போற்றப்படுகிறது. அங்ஙனம் திரிந்தோரிற் பலர் தம் அனுபவங்களை எழுதவும் செய்கின்றனர். தமிழில் இத்தகைய எழுத்துப் பெருகுவது நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் மலேசியாவின் பேராக் மாநிலத்தைப் பற்றி எழுதப்படுவனவற்றை வாசிக்குந்தோறும் ஒரு குறை நம் மனத்தை உறுத்துகிறது. அறையை முன்பதிவு செய்யாதவர்கள், காணவேண்டிய காட்சிகளை மட்டும் புறப்படுமுன்பே பதிவு செய்துகொண்டு போகின்றனர் என்பதே அக்குறை.

ஏற்பாடின்றிப் பயணம் செய்தல் தமிழருக்குப் புதிய செய்தியன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகளே. அவற்றுள் முருகனைப் பற்றிய ஒன்றை நீக்கினால், எஞ்சிய நான்கும் வறுமையுற்ற கலைஞருக்கு வழிசொல்லும் பாட்டுக்கள். பரிசில் பெற்று மீள்பவன், எதிர்வருபவனை நிறுத்தி, எவ்வழியே செல்வது, எங்கே தங்குவது, யார் சோறிடுவர் என்று கூறுகிறான். பெரும்பாணாற்றுப்படையில் எயினர், ஆயர், உழவர், வலைஞர் முதலியோர் குடியிருப்புக்களும், அவரவர் இடும் உணவும் வரிசையாக வருகின்றன. மலைபடுகடாம் மலைவழியின் இடர்களையும் எடுத்துக்காட்டி எச்சரிக்கிறது. இப்பாட்டுக்கள் முடிவில் ஒரு தலைவன் வாயிலிற் போய் நிற்பதும், அவன் புகழே பயனாக முடிவதும் நமக்கு உவப்பானவையல்ல. எனினும், இடைவழியில் சோறிட்ட எளியோரைப் புலவர் மறந்தாரில்லை. ஆகவே, பயண நூலை மதிப்பிட இரண்டு அளவுகோல்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறோம். தன்னை ஏற்றவர் யார், எத்தொழிலால் வாழ்கின்றனர் என்பதை நூல் சொல்கிறதா? அதைப் படித்த ஏழை ஒருவன் அவ்வழியே போக இயலுமா?

இவ்வளவுகோல்களைக் கொண்டு ஈப்போவைப் பார்ப்போம். 1917இல் கட்டிமுடிக்கப்பட்ட புகைவண்டி நிலையத்தின் வெண்மையும், சுண்ணாம்புக் குன்றுகளின் குகைக் கோயில்களும், அவ்வூர்க் காப்பியின் சுவையும் எழுதுவார் எல்லோர்க்கும் தெரிந்தவை. 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி அவ்வூரில் தமிழர் மாநாட்டைத் தொடங்கிவைத்த செய்தி எத்தனை பேருக்குத் தெரியும்? புந்தோங் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலையும் முறுக்கும் செய்து விற்றுப் பிழைக்கும் ‘கச்சாங் பூத்தே’ கிராமத்திற்கு வழிசொல்வார் எத்தனை பேர்?

ஈப்போவிற்கு அண்மையிலுள்ள பத்து காஜாவிற்குச் சென்றால் குறை இன்னும் தெளிவாகும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துத் துரை, ரப்பர்த் தோட்டத்தில் ஈட்டிய செல்வத்தால் எழுப்பத் தொடங்கிய மாளிகை, 1926இல் அவர் இறந்ததும் முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. இன்று அது ‘கெல்லி கோட்டை’ என்று பெயர்பெற்ற காட்சியிடம். அங்கே பேய் உலவுகிறது என்பதைப் பக்கம் பக்கமாக வருணிப்பவர்கள், அருகிலுள்ள மாரியம்மன் கோயிலை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். கட்டட வேலைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் கொள்ளைநோயில் மாண்டபோது, எஞ்சியோர் வேண்டியபடி எழுந்த கோயில் அது என்று சொல்லப்படுகிறது. அதன் மேற்புறத்தில் தெய்வ உருவங்களுக்கு நடுவே துரையின் உருவமும் நிற்கிறது! தெய்வங்களின் வரிசையில் ஒரு முதலாளியை நிறுத்தியது நன்றியா, அச்சமா, அன்றி வேறு புகலிடம் இல்லாமையா? பேய்க்கதை எழுதும் கைகள் இக்கேள்வியை எழுதாதது ஏன்? உள்ளபடியே அஞ்சத்தக்கது அங்கே பேயன்று. மாண்ட கூலிகளின் பெயர் தெரியாமற் போனதே.

அத்தொழிலாளரும் பயணிகளே. ஆனால் அவர் பயணத்தைப் போல் முற்ற முடியப் ‘பதிவு’ செய்யப்பட்ட பயணம் வேறில்லை. 1877இல் கொண்டுவரப்பட்ட ரப்பர்க் கன்றுகளிற் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று மரமாக இன்றும் அங்கே நிற்கிறது. அம்மரத்தின் இனம் பெருகப் பெருக, ஆட்களும் தேவைப்பட்டனர். கங்காணி தன் ஊருக்கே வந்து முன்பணம் கொடுத்தான். நாகப்பட்டினத்தில் கப்பல், பினாங்கிற்கு அருகே ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாம், பின்னர் இன்ன தோட்டம், இன்ன லயம், விடியுமுன் பிரட்டு. 1910இல் நிறுத்தப்பட்ட ஒப்பந்தக் கூலிமுறையின்கீழ், தோட்டத்தை விட்டு விருப்பம்போல் அகன்றவன் தண்டனைக்குரிய குற்றவாளி. உதவி பெற்றுச் செல்லும் கூலிகளின் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் 1938இல் தான் தடைசெய்தது. போகுமிடம் அறியாமற் போவது பேரன் வயதினனுக்கு வீரமாகத் தோன்றலாம். பாட்டன் போகுமிடம் அறியாமலே போனவன். அவனுக்குத் திரும்பும் உரிமை மட்டும் இல்லை.

அத்தோட்டங்கள் பின்னர் என்னவாயின? 1950களில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலை போனால் வீடும் போகும் என்னும் நிலையில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்குவதே அதன் நோக்கம். 1948 ஜூன் 16ஆம் நாள் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் கொலையுண்டு, மலாயாவில் அவசரகாலம் பிறக்கக் காரணமானதும் அதே சுங்கை சிப்புட்தான். இன்றோ பால்மரம் நின்ற இடங்களிற் பல செம்பனையாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. பால் வெட்டிய கைகளுக்குரியோர் மூப்படைந்துவிட்டனர்.

‘பயண நூல் இன்பத்திற்காக எழுதப்படுவது, சரித்திரத்தை அதன் தலையில் ஏற்றலாமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். ஏ. கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ இன்பம் குன்றிய நூலா? அவர் தம்மைப் பற்றிச் சுருக்கமாகவும், கண்ட மக்களைப் பற்றி விரிவாகவும் எழுதினார். அதனாலேயே இன்றும் படிக்கப்படுகிறார். அகிலன் மலேசியா சென்று திரும்பியபின் எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ நாவலும், விருந்தினராகச் சென்றவர் விருந்து மண்டபத்தோடு நின்றுவிடாமல் தோட்டத்திற்குள் நுழையலாம் என்பதற்குச் சான்று. இன்பமும் உண்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ‘நான் தைரியசாலி’ என்பதை நூறு பக்கம் கேட்பதில்தான் நாம் இன்பம் காணவில்லை.

முன்பதிவின்றிச் செல்பவனுக்குக் கூட்டத்தோடு செல்பவனுக்கு இல்லாத ஒரு செல்வம் உண்டு. அது காலம். ஒரு நாள் தங்க நினைத்த ஊரில் நான்கு நாள் தங்கலாம். சாலையில் சந்தித்த முதியவர் அழைத்தால் அவரோடு பழைய லயத்திற்குப் போகலாம். இச்செல்வத்தைக் குகைக்கும் கோட்டைக்கும் மட்டும் செலவிடுவது வீண்செலவு. ஆதலால் பேராக்கிற்குப் புறப்படும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: கோட்டையைப் பாருங்கள், கோயிலையும் பாருங்கள். சோறிட்டவரிடம், அவர் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வெளியேறியது என்று கேளுங்கள். அவர் சொன்னதையும், அங்கே போகும் வழியையும் எழுதுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள அம்முதியோர் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்கமாட்டார்கள்.