தோணியும் தோட்டமும்

1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன்னே ஜப்பானிய டாங்கிகள் திரோலாக் சாலை வழியே சிலிம் ரிவர் மீது பாய்ந்தன. ஆங்கிலேயரின் 11ஆம் இந்தியப் படைப்பிரிவு அன்றே சிதறிற்று. நான்கு நாளில் கோலாலம்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ஜப்பானியர் நீரிணைக்கு அப்பால், டச்சுக்காரர் ஆண்ட மேடானுக்குள் புகுந்தனர். அங்கிருந்தே ப. சிங்காரம் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) நாவலைத் தொடங்குகிறார்.

1938இல் மேடானுக்குப் பிழைக்கப்போய் 1946இல் ஊர் திரும்பியவர் அவர். ஆகவே வட்டிக்கடைப் பேச்சும் கேலியும் பிசகாமல் வந்துள்ளன. மலாய்ச் சொற்கள் வருமிடத்தில் தமிழகத்து வாசகர் தடுமாறுவர். இந்நாட்டார் சிரித்துக்கொண்டே படிப்பர்.

நாவலின் உயிர்நிலை வேறு. பாண்டியன் நேதாஜியின் படையில் சேர்ந்தது இந்திய விடுதலைக்காக. பின்னர்த் துப்பாக்கி ஏந்தியதோ இந்தோனேசிய விடுதலைக்காக. டச்சுக்காரர் ஆட்சியை ஒப்படைத்தது 1949 டிசம்பர் 27இல். அதைக் காணாமலே அவன் மடிகிறான். பிறநாட்டு விடுதலையில் தமிழன் பெற்ற பலன் யாது என்னும் வினாவை ஆசிரியர் பிரசங்கமின்றி அச்சாவிலேயே வைத்துவிடுகிறார்.

குறையும் உண்டு. கதையின் நடுவே நிற்போர் கடையாட்களும் படையினருமே. சயாம் ரயில் பாதைக்கு வாரிச் செல்லப்பட்ட பால்மரத் தொழிலாளி அவ்விடம் பெறவில்லை. அவனுக்குரிய கதையை ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ (1993) நூலிலும், அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ (2005) நூலிலும் எழுதினர். பாதை முடிந்தது 1943இல். மலாயா விடுதலை பெற்றது 1957இல். அதன்பின்னும் எத்தனை ஆண்டுகள்! சிங்காரத்தைப் பாடம் சொல்லும் ஆசிரியர் இவ்விரு நூல்களையும் மேசைமேல் உடன்வைத்தல் வேண்டும்.